இடது பக்கத்து ஸ்பிரிங்

அந்தக் கார் எங்கள் சந்துக்குள் திரும்புவதற்கு முன்பே அதன் சத்தம் திரும்பிவிடும். என்ஜின் சத்தத்தைச் சொல்லவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது. முன்பக்கத்திலிருந்து ஒரு ‘டொக்’ வரும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டொக். காலடிப்பேட்டையில் எங்கள் சந்து முனையிலிருந்து வாசல் வருவதற்குள் ஏழெட்டு டொக்காவது கேட்கும். அடுப்படியில் நின்றபடி ஒவ்வொன்றையும் வயிற்றில் வாங்கிக்கொள்வேன். கடைசி டொக் கேட்டு, கார் கதவு சாத்துகிற சத்தமும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

நான் பயந்த சுபாவம். ஸ்டவ்வை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள். கடல் கொஞ்சம் அதிகமாக இரைந்தால் துணியை மூட்டை கட்டலாமா என்று யோசிப்பேன். சந்தில் எனக்கு ‘அலாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் எதையாவது பார்த்து “ஐயோ” என்றால், எதிர்வீட்டு இட்லிக்கார அக்கா உள்ளே இருந்தபடியே, “அலாரம் அட்ச்சிருச்சிபா, எல்லாம் எய்ந்திருங்க,” என்று குரல் கொடுப்பாள்.

இது பிறவியிலேயே வந்ததில்லை. அஞ்சாவது படிக்கும்வரை நான் மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருந்தேன். என் அப்பா ஹார்பரில் மூட்டை இறக்குகிற கூலிக்காரர். கப்பலிலிருந்து சரக்கை இரும்புக் கயிற்றில் கோத்து விஞ்சு மிஷினால் தூக்கி இறக்குவார்கள். அந்தக் கயிற்றுக்கு சிலிங்கு என்று பெயர். ஒருநாள் ஒரு சிலிங்கு அறுந்தது. கீழே அப்பா நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் அவரோடு வேலை செய்த ஒருவர் வந்து அம்மாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சிலிங்கு பழசாகிவிட்டால் அதன் முனையில் இருக்கும் வளையத்தில், காது என்பார்கள் அதை, சிவப்பு பெயின்ட் தொட்டு ஓரமாகப் போட்டுவிடுவார்களாம். கண்டம் பண்ணியாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் அதில் ஒரு கூடைகூடத் தூக்கக் கூடாது. “அறுந்தத எடுத்து தொட்ச்சிப் பாத்தோம்மா. தாருக்கு அடியில செவப்பு இருந்திச்சி,” என்றார் அவர். எந்த கான்ட்ராக்டர், யார் தாரைப் பூசியது என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் அந்த மாசத்தோடு நின்றது. தீப்பெட்டி ஃபாக்டரியில் பெட்டி அடுக்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் கண்டம் பண்ணின கயிற்றை யாரும் வீணாக்க மாட்டார்கள். ஹார்பர் வேலைக்குப் போகிறவன் எவனாவது தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். துணி காயப்போட அதுதான், எருமை கட்ட அதுதான், படகை இழுக்க அதுதான். வீட்டுக்கு வீடு வாசல் ஆணியில் ஒரு சிவப்புக் காது தொங்கும். எங்கள் வீட்டில் மட்டும் தேங்காய்நார்க் கயிறு. மழையில் அது அழுகி அறுந்து, துவைத்த துணியெல்லாம் சேற்றில் விழும். விழட்டும் என்று மறுபடியும் துவைப்பேன்.

கார் வந்தது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். எழுபதுகளின் ஆரம்பம். என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் கப்பல் சரக்குக்கு கிளியரிங் பார்க்கும் ஒரு ஆபீஸில் டிரைவர். முதலாளி புது வண்டி வாங்கியதும், “பழச நீயே வெச்சிக்கோ, எனக்கு எதுக்கு,” என்று சாவியை இவர் கையில் வைத்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கறுப்பு. முன்னால் மட்கார்டு இரண்டும் பயில்வான் தோள் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிப் போகலாம், இனிமேல் அடுத்தவன் வண்டி ஓட்ட வேண்டாம் என்று இவருக்கு ஆசை. முதல் சவாரியும் சொல்லி வைத்தாயிற்று. இவருடைய தோஸ்து ஒருவர், ஹார்பரில் விஞ்சு ஓட்டுகிறவர், எனக்கு விஞ்சு அண்ணன், ராயபுரத்து வேதக்காரர். அவருடைய தங்கைக்கு வருகிற மாசம் மாதா கோயிலில் கல்யாணம். பொண்ணு இந்த வண்டியில்தான் போய் இறங்க வேண்டும்.

அதற்கு முன்னால் என்னை ஒரு தடவை ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் போனார். வலது பக்கம் கடல், அலை கல்லில் மோதுகிறது. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் அவர் கையில் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதற ஆரம்பித்தது. முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடின. வண்டி தானாகவே கடல் பக்கம் ஒதுங்கியது. நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியதில், எதிரே சைக்கிளில் வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் சிரித்தார். ஆனால் அவர் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்ததை நான் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல மே. கிங் பின்னு தேஞ்சி கீது. புஷ்ஷு செத்துப்போச்சி. ஸ்பிரிங்கும் குந்திகிச்சி. முன்பக்கம் பூரா மாத்தினா வண்டி பூ மாதிரி போவும்.”

“வித்துருய்யா,” என்றேன். யாராவது இருந்தால் ‘வாங்க போங்க’, இல்லாவிட்டால் ‘வாய்யா போய்யா’ என்பதுதான் எங்கள் வழக்கம்.

“தாலிய வித்தாலும் விப்பேன், இத்த விக்க மாட்டேன்.”

“தாலி உன்துன்னா விப்பே.”

புதுப்பேட்டையில் அலைந்து சாமான் வாங்கி வந்தார். எங்களுக்கு ஒரே அறை. சக்கரம் திரும்புகிற ஆணியான கிங் பின், அதைச் சுற்றி வரும் புஷ் எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பி மண்ணெண்ணெயால் துடைத்து வைத்தார். ஸ்பிரிங் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயின. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், என் கட்டைவிரலைவிடத் தடிமனான கம்பி. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் விஞ்சு அண்ணன் வந்து உட்கார்ந்து இவரோடு பேசியதைக் கேட்டேன்.

காரின் எடையே அந்த ஸ்பிரிங்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நசுங்கி, எப்போது எழுந்திருக்கலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கீழே இருந்து தாங்கும் இரும்புக் கைக்கு ஆர்ம் என்று பெயர். ஆர்மைக் கழற்றினால்தான் ஸ்பிரிங்கை எடுக்க முடியும். கழற்றுகிற நேரத்தில் ஸ்பிரிங்கை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் அது பாய்ந்துவிடும்.

“வண்ணாரப்பேட்டையில ஒருத்தனுக்குத் தாடை பூட்ச்சில்ல,” என்றார் விஞ்சு அண்ணன்.

“மெதுவா பேசு, உள்ளதான் கீது,” என்றார் இவர்.

அவர்கள் பேசி முடித்த திட்டம் இது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்கை நசுக்க ஒரு மிஷின் இருக்கும். இவர் சொன்னார், “அவங்ககிட்ட மிஷினு கீது, நம்மகிட்ட ஜனம் கீது.” மட்கார்டின்மேல் நாலு பேரை உட்கார வைத்தால் அந்தப் பக்கம் அமுங்கும், ஸ்பிரிங்கும் நசுங்கும். நசுங்கினபடியே அதை இரும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பிறகு ஆட்கள் இறங்கினாலும் ஸ்பிரிங் எழுந்திருக்காது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஆர்மை இறக்கினால், கட்டுப்பட்ட ஸ்பிரிங் அப்படியே கையோடு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான் செய்தார்கள்.

எல்லாமே ஒரு கயிற்றில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை சாப்பிடும்போது, அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். எண்ணெய் பிசுபிசுத்தது.

“சத்தியம் பண்ணு. நாளைக்கி நான் வண்டிக்கு அடியில கீறப்போ நீ கத்தக் கூடாது. நீ கத்துனா எனக்குக் கை வழுக்கும். எனக்கு எதுனா ஆச்சின்னா அது உன் வாயால தான் ஆவும்.”

“தலையில வெச்சி எதுக்குய்யா…”

“பண்ணு மே.”

பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விஞ்சு அண்ணன் வெள்ளைச் சட்டையோடு வந்தார். கூடவே அவருக்குத் தெரிந்த மூட்டைக்காரர்கள் இரண்டு பேர். அண்ணன் தோளில் சாக்கில் சுற்றிய கயிறு. பிரித்துப் போட்டார். கறுப்பு கிரீஸ் கனமாகப் பூசி, வெயிலில் பளபளவென்று கிடந்தது. நான் போய் அதன் பக்கத்தில் குந்திப் பார்த்தேன்.

“அண்ணே, இது நல்ல கயிறா?”

“புத்தம் புதுசு தங்கச்சி. கப்பலையே கட்டி இஸ்க்கலாம். கிரீஸு கூட காயல பாரு.”

பார்த்தேன். காயவில்லைதான். அந்த மனுஷன் விஞ்சு ஓட்டுகிறவர், கயிற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் இடது பக்கம். உட்காருவதற்கு ஆள் போதவில்லை. இட்லிக்கார அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு, முக்காலி போட்டு மட்கார்டில் ஏறினாள். வண்டி முனகியது.

“யக்கா, நீ ஒரு ஆளு குந்துனா போதும், வண்டி பூமிக்குள்ள பூடும்,” என்றார் விஞ்சு அண்ணன்.

“உன் வாயில கிரீஸ அள்ளி வெக்க. உன் தங்கச்சி கல்யாணத்துக்குத்தானடா நான் இங்க குரங்கு மாதிரி குந்திகினு கீறேன்.”

மூட்டைக்காரர்கள் பானெட் பக்கம் தொற்றிக்கொண்டார்கள். இன்னும் ஒரு விரக்கடை அமுங்க வேண்டும் என்றார் இவர் கீழே இருந்து.

“அலாரத்த ஏத்துங்கபா,” என்றாள் அக்கா. “வெயிட்டு இல்லாங்காட்டியும் சத்தமாவது இருக்கும்.”

என்னையும் ஏற்றிவிட்டார்கள். வெயிலில் மட்கார்டு சுட்டது. அக்காவின் மடியில் பாதி, மட்கார்டில் பாதியாக உட்கார்ந்தேன். கீழே இருந்து இவர் ‘அமுக்கு அமுக்கு’ என்றதும் அக்கா ஒரு குதி குதித்தாள். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. மூட்டைக்காரர்களில் ஒருவர் வழுக்கிக்கொண்டு போய் முன் பம்பரில் நின்றார். அவருடைய லுங்கி நம்பர் பிளேட்டில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

“இன்னாமே, சிரிக்க கூட தெரியுமா உனக்கு?” என்று கீழே இருந்து இவர் குரல் கேட்டது.

பிற்பகலுக்குள் இடது பக்கம் முடிந்துவிட்டது. கட்டின ஸ்பிரிங் கட்டினபடியே வெளியே வந்தது. அதைச் சுவர் ஓரம் மணல்மேல் வைத்து, எல்லோரும் தள்ளி நின்று, கம்பால் கயிற்றின் கொக்கியைத் தட்டி விட்டார்கள். அது ‘டங்’ என்று எழும்பி மணலில் உருண்டது. மூட்டைக்காரர்கள் கை தட்டினார்கள். கிங் பின்னும் புஷ்ஷும் மாற்றி, புது ஸ்பிரிங்கை ஆர்மில் உட்கார வைத்து, நாங்கள் மறுபடி மேலே ஏறி அமுக்க, கீழே ஜாக்கியால் நெருக்கி ஏற்றினார்கள். போல்ட் நாலும் ஏறியது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார் இவர். இம்மி அசையவில்லை.

சாப்பிட்டுவிட்டு வலது பக்கம் ஆரம்பித்தார்கள். மறுபடி நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, கயிறு கட்டி, இறங்கினோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ரயில் சிலீப்பர் கட்டைகளை அடியில் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். மூட்டைக்காரர்கள் வேலை முடிந்தது என்று வேப்பமர நிழலில் படுத்துவிட்டார்கள். அக்கா மாவு அரைக்கப் போய்விட்டாள். விஞ்சு அண்ணன் பின்பக்கம் கட்டையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கோணிமேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். மார்புக்கு நேராக ஸ்பிரிங். ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட் நாலு. ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் நீட்டுவார், நான் வாங்கி டப்பாவில் போட வேண்டும்.

முதல் போல்ட் வந்தது. போட்டேன். இரண்டாவது வந்தது.

அதை வாங்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். காலையில் கயிற்றின் காது உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் கட்டும்போது அது வெளியே, என்னைப் பார்த்தபடி வந்திருந்தது. வெயிலில் கிரீஸ் இளகி வழிந்திருந்தது. வழிந்த இடத்தில் நகக்கண் அளவு சிவப்பு.

ரத்தமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கை எங்கேயாவது கிழித்திருக்கும். விரலை நீட்டித் துடைத்தேன். சிவப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. மறுபடி துடைத்தேன். காது முழுக்கச் சிவப்பு.

“மூணாவது ஜாம் ஆயிகீது,” என்றார் அவர். ஸ்பேனரை மாட்டி இழுத்தார். இழுக்க இழுக்க ஆர்ம் அதிர்ந்தது, கயிறும் அதிர்ந்தது.

கத்தவேண்டும் என்று வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என் கை இன்னும் அவர் தலையிலேயே இருக்கிற மாதிரி இருந்தது, பிசுபிசுப்போடு. கத்தினால் கை வழுக்கும் என்றாரே. வழுக்கினால் ஸ்பேனர் கயிற்றில் போய் அடிக்கும். கத்தாவிட்டால் மூன்றாவது போல்ட் வரும், நாலாவது வரும். கயிறு, சிவப்பு என்று சொன்னால் இவர் கேட்கப்போகிறாரா? ‘ஆரம்பிச்சிட்டியா’ என்று சொல்லிக்கொண்டே இழுப்பார். ஆயிரம் தடவை ஒன்றுமில்லாததற்குக் கத்தினவள் நான். அதை எல்லாம் அந்த நிமிஷத்தில் எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். அப்புறம் என் வாயிலிருந்து என் குரல் மாதிரியே இல்லாத ஒரு குரல், ரொம்ப சாதாரணமாக, தெருவில் போகிறவளிடம் பேசுகிற மாதிரி வந்தது.

“ஏங்க, முதலாளி வந்துகீறாரு.”

ஸ்பேனர் நின்றது.

“யாரு?”

“உங்க முதலாளி. முனையில வந்துகினு கீறாரு. புது வண்டியில.”

ஒன்பது வருஷம் அந்த மனுஷனுக்குக் கதவு திறந்து விட்டவர் இவர். தூக்கத்தில் சொன்னால்கூட எழுந்து நிற்பார். கோணியோடு சரசரவென்று வெளியே வந்து, லுங்கியை இறக்கி விட்டு, கிரீஸ் கையாலேயே தலையைக் கோதிக்கொண்டு நின்றார். சந்து காலியாக இருந்தது. ஒரு ஆடு போய்க்கொண்டிருந்தது.

“எங்க?”

நான் அவருக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அப்போதுதான் எனக்குச் சத்தம் வந்தது. “போகாதய்யா, போகாதய்யா,” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

“பைத்தியமா உனக்கு? வேலை செய்யற நேரத்துல டபாய்க்கிறியா?” அவர் கை ஓங்கிவிட்டார். அடிக்கிறவர் இல்லை. அன்று ஓங்கினார். அக்கா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். விஞ்சு அண்ணன் பின்னாலிருந்து வந்தார்.

“இன்னா தங்கச்சி? இன்னா ஆச்சி?”

கயிற்றைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“புதுசுன்னு சொன்னியேண்ணே.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துத்தான் சொன்னார். “ஷெட்டுக்குப் பின்னால கெடந்திச்சி மாமு. எல்லாம் எடுத்துகினு போறதுதான. எங்க வூட்ல துணி கட்றதும் அதான். கிரீஸு நான் தான் பூசினேன், துரு கைய கிழிக்கக் கூடாதுன்னு. இதுக்கு இது தாங்கும்னு தான்…”

“தாங்குதே! காலைலேர்ந்து தாங்கிகினுதான கீது,” என்றார் இவர். கோபம் இன்னும் இறங்கவில்லை. “ரெண்டு டன்னு தூக்க முடியாதுன்னு கண்டம் பண்றான். ஒரு ஸ்பிரிங்கு தூக்காதா? இவ சொல்றான்னு நீயும்…” சொல்லிக்கொண்டே டயர் லிவரை எடுத்து, பக்கவாட்டில் எட்ட நின்று, கயிற்றின்மேல் தட்டினார். ணங் என்றது. ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா?” இன்னொரு தட்டு. ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா மே?”

மூன்றாவது தட்டில் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். வீணைக் கம்பி அறுந்த மாதிரி, அவ்வளவு சின்னது. கயிற்றிலிருந்து ஒரே ஒரு இழை எழும்பி, வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு யாரும் தட்டாமலே இன்னொரு ‘டிங்’.

எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அக்காவின் மாவுக் கை தோளில் அழுத்தினதுதான் தெரிந்தது.

இனிமேல்தான் பெரிய பயம். அதை அப்படியே விட்டுவிட முடியாது. பிள்ளைகள் ஓடுகிற சந்து. இரண்டு போல்ட் கழன்றிருக்கிறது, கயிறு இழை இழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. யாராவது மறுபடி உள்ளே போய், ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து, ஸ்பிரிங்கை மேலே நெருக்கி, கயிற்றின் பாரத்தை இறக்க வேண்டும். பிறகு போல்ட்டுகளை ஏற்ற வேண்டும்.

“நான் போறேன். நான் கொண்டாந்த கயிறு,” என்றார் விஞ்சு அண்ணன்.

“உன் உடம்புக்கு அந்த சந்துல பூரவே மாட்ட. தள்ளு.”

“மாமு, நான் சொல்றத கேளு…”

“உன் தங்கச்சி கல்யாணத்த வெச்சிகினு உன்ன உள்ள அனுப்பிட்டு நான் நிக்கணுமா? தள்ளுடா.”

நான் வீட்டுக்குள் ஓடி மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தேன். என் கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. அதை நாலாக மடித்து ஸ்பிரிங்குக்கு முன்னால் திணித்து, ஒரு சிலீப்பர் கட்டையை முட்டுக் கொடுத்து, என் தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டினார் விஞ்சு அண்ணன். அது எதைத் தடுக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. யாருக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இவர் பக்கவாட்டாகப் படுத்து, முகத்தை வெளிப்புறம் திருப்பிக்கொண்டு, ஜாக்கியை முன்னால் தள்ளித் தள்ளி உள்ளே போனார். கால் மட்டும் வெளியே இருந்தது. நான் அந்தக் கால்மாட்டில் உட்கார்ந்து, அவருடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இழுத்துவிடலாம் என்றா, என்னத்துக்கு என்று தெரியாது. பாதம் சில்லென்று இருந்தது. கணுக்காலில் நாடி அடித்தது. அவருக்கும் இவ்வளவு பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஜாக்கி ஒவ்வொரு கிளிக்காக ஏறியது. மெத்தைக்குள் ஒரு ‘டிங்’ கேட்டது. பாதம் சுருங்கியது. நான் கத்தவில்லை. மறுபடி ஒரு கிளிக். ஒன்று. இன்னொன்று. விஞ்சு அண்ணன் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“லூஸ் ஆச்சி,” என்றது உள்ளேயிருந்து குரல். “கயிறு லூஸ் ஆச்சிபா. போல்ட்டக் குடு மே.”

கொடுத்தேன். கொடுக்கும்போது டப்பா முழுவதையும் கொட்டிவிட்டேன்.

இரண்டு போல்ட்டும் ஏறி, முடுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். விஞ்சு அண்ணன் கயிற்றைக் கழற்றி, காலை வைத்து மிதித்து மடக்கினார். அது மடங்கவில்லை, முறிந்தது. உள்ளேயிருந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. நடுவில் ஓடுகிற சணல் திரி கருகிப்போன தாள் மாதிரி உதிர்ந்தது. வெளியே மட்டும்தான் அது கயிறாக இருந்தது.

அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தாள். இவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முறிந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்தது. அப்புறம் சொன்னார்.

“காலைல நாலு போல்ட்டையும் எடுத்துட்டேன் மே. எல்லாத்தையும் எடுத்துட்டு, முக்கா மணி நேரம் ஆவும், அத்த மூஞ்சிக்கு நேரா வெச்சிகினு படுத்துகினு இருந்தேன். ஒரு கையால தூக்கி மார்மேல வெச்சிகூட எறக்கினேன்.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்படி மூலையில் உட்கார்ந்தேன். அப்போது வந்ததுதான் நிஜமான பயம். அதுவரை பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வலது பக்கத்தை நான் பார்த்துவிட்டேன், நிறுத்திவிட்டேன். இடது பக்கம் நடந்தபோது நான் எங்கே இருந்தேன்? அதற்கு மேலேயே உட்கார்ந்து, ஒருவருடைய லுங்கியைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டு, இறங்கி வந்து, அக்காவோடு வாசலில் பேசிக்கொண்டு கருவாடு ஆய்ந்தேன். வருஷக்கணக்கில் எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு காலைப்பொழுதில் மட்டும் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் பக்கம் நிற்கும் லாரிக்காரர் ஒருவரிடம் சங்கிலி கேட்டு வாங்கி வலது பக்கத்தை முடித்தார்கள். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் நான் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. விஞ்சு அண்ணன் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்து முடிக்கும்வரை நின்றார். அவர் வீட்டுத் துணிக்கயிறு அந்த வாரமே மாறிவிட்டது என்று அவர் தங்கை சொன்னாள். எங்கள் சந்தில் மற்றவர்கள் வீட்டில் அப்படியேதான் இருந்தது. துணிக்கு என்ன, தாங்கும் என்றார்கள்.

கல்யாணப் பொண்ணு பூவும் முக்காடுமாக அந்த வண்டியில்தான் கோயிலில் போய் இறங்கினாள். ஒரு டொக் இல்லை. பூ மாதிரிதான் போயிற்று.

டொக் போன பிறகு அவர் வருவது எனக்குத் தெரியாமல் போயிற்று. வாசலில் வந்து நிற்கும்வரை சத்தமே இருக்காது. அதற்கும் பயந்தேன். சந்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால் “முதலாளி வந்துகீறாரு” என்று கத்திவிட்டு ஓடும். அலாரம் என்ற பெயர் போய் அது வந்தது. இவரும் சண்டை வந்தால் அதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வார். ஆனால் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால், எவ்வளவு அவசரமானாலும், கயிறோ சங்கிலியோ, அதை என் முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். நான் தொட்டுப் பார்த்து “சரி” என்றால்தான் போவார்.

வண்டி போய் எத்தனையோ வருஷமாகிறது. இப்போதும் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து எதற்காவது வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் வரும். நானும் சிரிப்பேன். பாதியில் நிறுத்திவிட்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன்.